டிஎன் 31 வண்டியும் கத்திப்பாரா பாலமும்

முகூர்த்த நாள்னா எங்க ஊர்ல விடியக்காலம் நாலு மணிக்கே ரோட்டுல கார் வெளிச்சம் வர ஆரம்பிச்சிடும். திருவந்திபுரம் தேவநாத சுவாமி கோயில்ல கல்யாணம் பண்றதா வேண்டிக்கிட்டவங்க அத்தன பேரு. ஆவணி, தை மாசத்துல ஒரே நாள்ல நூறு கல்யாணத்துக்கு மேல நடக்கும். கோயிலுக்கு எதிர்ல இருக்கிற மலையில வரிசையா உக்காந்து தாலி கட்டிக்கிட்டு ஒரு ஜோடி எறங்கும், அதுக்குள்ள அடுத்த ஜோடி ஏறும். மாப்பிள்ளைய மாத்தி உக்கார வெச்சிடாம இருக்கிறதே பெரிய விஷயம்னு எங்க ஊர்ல ஒரு கிண்டல் உண்டு.

அன்னிக்கு கடலூர் ரோடு, பாலூர் ரோடு ரெண்டும் அடைச்சிக்கும். அடைச்சதும் வெளியூர் கார்க்காரங்க செல்போன்ல மேப்ப பாப்பாங்க. மேப்பு குறுக்கு வழின்னு ஒண்ணு காட்டும். அந்த குறுக்கு வழிதான் எங்க வயலுக்குப் போற வாய்க்கா ரோடு. முக்கால்வாசி தூரம் சிமெண்டு இருக்கும், அப்புறம் மண்ணு, அப்புறம் என்னோட கரும்பு. அங்க வந்து நிப்பாங்க. முன்னாடி போக முடியாது, திருப்பவும் முடியாது. ஒரு பக்கம் வாய்க்கா, இன்னொரு பக்கம் சேறு. ஏசி காருக்குள்ள பட்டுப்பொடவ கட்டின அம்மா புருஷன திட்டிக்கிட்டு இருப்பாங்க. நான் மண்வெட்டிய தோள்ல வெச்சிக்கிட்டு பாத்துக்கிட்டு நிப்பேன்.

உள்ளதச் சொல்லணும்னா, சிரிப்பேன். இத்தன படிச்சிருக்கானுங்க, கெடிலம் ஆறு எந்தப் பக்கம், கோயில் எந்தப் பக்கம்னு தெரியல பாருன்னு என் தம்பி மவன்கிட்ட சொல்லி சிரிப்பேன். வழி கேட்டா, "அப்படியே பின்னாடியே போங்க"ன்னு கைய காட்டிட்டு வேலைய பாக்கப் போயிடுவேன். முக்கால் கிலோமீட்டர் ரிவர்ஸ்லயே போவாங்க, பாவம்.

அந்தச் சிரிப்புக்கெல்லாம் சேத்து எனக்கு ஒரு நாள் வந்துச்சு. போன வருஷம். இத எழுதலாமா வேணாமான்னு ரொம்ப நாளா யோசிச்சேன். வீட்டம்மா படிக்க மாட்டாங்க. ஆனா என் பொண்ணு படிப்பா. படிக்கட்டும்.

பொண்ண சென்னையில விருகம்பாக்கத்துல கட்டிக் குடுத்திருக்கோம். மூணு வருஷம் கழிச்சு முழுகாம இருந்தா. ஏழாவது மாசம் வளைகாப்பு. மாப்பிள்ளை வீட்டுல வளைகாப்பு முடிச்சு, அடுத்த நாள் பொண்ண நம்ம ஊருக்கு கூட்டிட்டு வரணும். வெள்ளிக்கிழமை காலையில ஒம்போதுல இருந்து பத்தரைக்குள்ள நேரம் குறிச்சிருந்தாங்க. பத்தரைக்கு ராகு காலம் வந்துடும்.

மாப்பிள்ளை போன்ல, "மாமா, நான் கார் புக் பண்ணி அனுப்பறேன், டிரைவரோட வரும்"னார். நான் வேணாம்னுட்டேன். என்கிட்ட ஆல்ட்டோ இருக்கு. பழைய வண்டி வாங்கி நாலு வருஷம் ஆச்சு. பதினெட்டு வயசுல டிராக்டர் ஓட்டினவன் நான். நெல்லிக்குப்பம் ஆலைக்கு ரெண்டு டிரெய்லர் கரும்ப ஏத்திக்கிட்டு ராத்திரியில போயிருக்கேன். என் பொண்ண என் வண்டியில நானே ஓட்டி கூட்டிட்டு வரணும்னு ஒரு இது. பஸ்ஸுல போயிருக்கலாமேன்னு கேப்பீங்க. 2023 டிசம்பர் கடைசியில கிளாம்பாக்கத்துல புது பஸ் ஸ்டாண்டு திறந்ததுல இருந்து தெக்கத்தி பஸ்ஸெல்லாம் அங்கயே நின்னுடுது. ஏழு வகை சாதம், சீர்த் தட்டு, வளையல் டப்பா எல்லாத்தையும் தூக்கிக்கிட்டு அங்க இருந்து விருகம்பாக்கம் எப்படி போறது?

முந்தின நாளே போயிருந்தா இந்த கதையே இல்ல. ஆனா கறவ மாடு எங்க வீட்டம்மா கையத் தவிர வேற யார் கைக்கும் பால் எறக்காது. அதனால மூணு மணிக்கு கறந்து, சொசைட்டிக்கு ஊத்தச் சொல்லி பக்கத்து வீட்டுல குடுத்துட்டு, நாலு மணிக்கு கிளம்பினோம். கடைசியா எங்க வீட்டம்மா கொல்லையில இருந்த வேப்பமரத்துல கொழுந்து குச்சியா ஒடிச்சு, வளைச்சு, மஞ்ச நூல் சுத்தி காப்பு பண்ணி எடுத்துக்கிட்டாங்க. எங்க பக்கத்துல வளைகாப்புல மொதல்ல போடறது வேப்பிலைக் காப்பு. பெத்தவ கையால போடணும். அப்புறந்தான் கண்ணாடி வளையல்.

பண்ருட்டி, கோலியனூர், விக்கிரவாண்டி, திண்டிவனம். இது வரைக்கும் நான் ராஜா. ஆத்தூர் டோல்கேட்டுல ஃபாஸ்டேக்குல காசு இல்லன்னு சொல்லி ரெண்டு மடங்கு வாங்கினாங்க. வண்டிய கடலூர் தாண்டி எடுத்தாத்தானே அதுல காசு போடற நெனப்பு வரும். அதுக்கு வீட்டம்மா ஒண்ணும் சொல்லல. மேல்மருவத்தூர்ல காபி. செங்கல்பட்டு, பரனூர் தாண்டினதும் ரோட்டுல வண்டி கூட ஆரம்பிச்சுது. கூடுவாஞ்சேரி வரும்போது மணி எட்டு.

மாப்பிள்ளை வழிய தெளிவாத்தான் சொல்லியிருந்தார். "மாமா, பெருங்களத்தூர் தாண்டி இரும்புலியூர்கிட்ட பைபாஸ் இடது பக்கம் பிரியும். அதுல ஏறிட்டா போரூர். போரூர்ல எறங்கிட்டா வீடு." இத நான் பேப்பர்ல வேற எழுதி வெச்சிருந்தேன். ஆனா இடது பக்கம் பிரியும்னா, அதுக்கு ஒரு கிலோமீட்டர் முன்னாடியே இடது பக்கம் போயிருக்கணும்னு அவர் சொல்லல. அவருக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாவே தெரிஞ்சிருக்காது. நான் நல்லா ஓட்டறவன்ற நெனப்புல வலது பக்கமா போயிட்டிருக்கேன். எனக்கு இடது கைப் பக்கம் ஒரு பஸ், அதுக்கு அந்தப் பக்கம் ஒரு லாரி, நடுவுல சந்துல பைக்கு பைக்கா போகுது. பைபாஸ் போர்டு தலைக்கு மேல வந்துச்சு, போச்சு. நான் பாத்துக்கிட்டே தாம்பரம் போயிட்டேன். கல்யாண வீட்டுல பந்தியில எடம் காலியாகறத பாத்துக்கிட்டே நிக்கிற மாதிரி.

இங்க ஒரு விஷயம் சொல்லணும். எங்க ஊர்ல வழி தப்பிட்டா வண்டிய ஓரமா நிறுத்துவோம். டீக்கடையில கேப்போம். கேட்டா அவன் நம்மள யாருன்னு கேப்பான். எந்த ஊரு, யாரு வீட்டுக்கு, என்ன விசேஷம், எல்லாம் விசாரிச்சிட்டு, "அட, அவுங்க எனக்கு சின்ன மாமன் மொறையாச்சே"ன்னு கூட வந்து விட்டுட்டுப் போறவனும் உண்டு. ரோடு நம்மள நிக்க விடும். பின்னாடி வர்ற வண்டியும் சுத்திக்கிட்டு போகும். ஹாரன் அடிச்சா "நான் வரேன்"னு அர்த்தம், அவ்வளவுதான். சென்னையில ஹாரன் அடிச்சா "நீ ஏன் இருக்கே"ன்னு அர்த்தம்.

செல்போன்ல மேப்ப போட்டு வீட்டம்மா கையில குடுத்திருந்தேன். அதுல ஒரு பொம்பள குரல் தமிழ்ல சொல்லிக்கிட்டு வருது. எரநூறு மீட்டர்ல திரும்புன்னு சொல்லுது. எரநூறு மீட்டர்னா எனக்கு வயல்ல தெரியும், ரெண்டு வரப்பு தள்ளி. மீனம்பாக்கத்துல, அந்த கூட்டத்துல, எரநூறு மீட்டர் எங்க இருக்குன்னு எப்படி தெரியும்? ஊர்ந்து போனா அது பத்து நிமிஷம், எல்லாரும் ஓடினா நாலு செகண்டு. அதைவிட மோசம், மேல ஒரு ரோடு கீழ ஒரு ரோடு இருந்தா, நாம மேல இருக்கோமா கீழ இருக்கோமான்னு அதுக்கே சில சமயம் தெரியல.

அப்படியே போயி கத்திப்பாரா வந்துச்சு. டிவியில மேல இருந்து எடுத்து காட்டுவாங்களே, பூ இதழ் மாதிரி சுத்திச் சுத்தி இருக்கிற பாலம். 2008-ல திறந்தது. மேல இருந்து பாத்தா பூவு. கீழ வண்டிக்குள்ள உக்காந்து பாத்தா பூவெல்லாம் தெரியாது. ரோடு ரெண்டா பிரியுது, மறுபடி ரெண்டா பிரியுது, ஒண்ணு ஏறுது, ஒண்ணு வளையுது. போர்டுல நாலு ஊர் பேரு. அசோக் நகர், கோயம்பேடுன்னு படிக்கிறதுக்குள்ள போர்டு தலைக்கு மேல போயிடுது. வீட்டம்மா கையில இருந்த போன் என்னமோ சொல்லுது, அவங்களும் பதட்டத்துல "ஏங்க, இப்படிங்குது, ஏங்க, இல்ல அப்படிங்குது"ன்னு கைய ரெண்டு பக்கமும் காட்டறாங்க.

நான் என்ன பண்ணேன் தெரியுமா? நிறுத்திட்டேன்.

ரோடு ரெண்டா பிரியற அந்த மூக்குல, நட்ட நடு ரோட்டுல, பிரேக்க அமுக்கி நிறுத்திட்டேன். முப்பது வருஷப் பழக்கம். சந்தேகம் வந்தா நிறுத்து. டிராக்டர்லயும் அதான், மாட்டு வண்டியிலயும் அதான். பின்னாடி வந்த மாநகர பஸ்ஸு பிரேக் போட்ட சத்தம் எனக்கு இன்னும் காதுல இருக்கு. கண்ணாடியில பாத்தா பஸ்ஸோட மூஞ்சி மட்டுந்தான் தெரியுது, வேற ஒண்ணுமே தெரியல. அரை அடி இருக்குமா, தெரியாது. பின் சீட்டுல இருந்த புளிசாதக் குண்டான் உருண்டு கீழ விழுந்துச்சு. பக்கத்துல ஒரு பைக்குக்காரப் பையன் தலைய உள்ள விட்டு, "யோவ், வூட்ல சொல்லிக்கினு வந்துட்டியா?"ன்னு கேட்டுட்டுப் போனான்.

வீட்டுல சொல்லிட்டு வரதுக்கு வீட்டுல யாரு இருக்கா? வீட்டம்மாவே பக்கத்து சீட்டுல கண்ண மூடி தேவநாதா தேவநாதான்னு உக்காந்திருக்காங்க. இப்ப நெனச்சா சிரிப்பு வருது. அப்ப கிளச்சுல இருந்த கால் நடுங்கிச்சு. ஆளு ஆளுக்கு அடிச்ச ஹாரன்ல எந்தப் பக்கம்னு பாக்காம நேரா விட்டுட்டேன்.

நேரா விட்டா கிண்டி. அப்புறம் சின்னமலை. அப்புறம் ஒரு பாலம், கீழ அடையாறு கருப்பா கெடக்கு. சைதாப்பேட்டை. நடுவுல சுவரு, எங்கயும் வலது பக்கம் திரும்ப முடியல. ஒரு சிக்னல்ல கோட்ட தாண்டி நின்னுட்டேன் போல, அது அப்ப தெரியாது, ஊருக்கு வந்து பன்னண்டு நாள் கழிச்சு செல்லுக்கு மெசேஜ் வந்துச்சு, போட்டோவோட. ஐநூறு ரூபா. போட்டோவுல வண்டி நம்பர் டிஎன் 31 நல்லா தெரியுது. கட்டிட்டேன். தப்பு தப்புதான். சென்னைக்குள்ள காருக்கு 60 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல போகக்கூடாதுன்னு வேற உத்தரவு இருக்காம். எனக்கு அந்த பயமே இல்ல, நான் இருபதத் தாண்டல.

இடது பக்கமாவது திரும்பலாம்னு திரும்பினா தி.நகருக்குள்ள போயிட்டேன். அதுக்குள்ள எந்த தெருவுல நுழைஞ்சேன், எதுல வெளிய வந்தேன்னு கேக்காதீங்க. ஒரு தெருவுல எதிர்ல வந்தவங்க எல்லாரும் கைய ஆட்டினாங்க. நமக்கு தெரிஞ்சவங்க மாதிரி கைய ஆட்டறாங்களேன்னு பாத்தா ஒன்வே. ஒருத்தர் எறங்கி வந்து பின்னாடி தட்டி தட்டி ரிவர்ஸ் எடுக்க வெச்சார். என் கரும்புத் தோட்டத்துல ரிவர்ஸ் போனவங்க எல்லாரும் அப்ப ஞாபகத்துக்கு வந்தாங்கன்னு எழுதினா நல்லா இருக்கும். வரல. தொண்டை காஞ்சிருந்துச்சு, மணி ஒம்போதே முக்கால் ஆயிருந்துச்சு, அவ்வளவுதான்.

மாப்பிள்ளை வீட்டுல இருந்து போன் மேல போன். மேப்ப பாக்கறதா, போன எடுக்கறதா? எடுத்தா மேப்பு மறைஞ்சிடுது. "எங்க இருக்கீங்க மாமா?"ன்னு கேக்கறார். எங்க இருக்கேன்னு தெரிஞ்சா நான் ஏன் அங்க இருக்கேன்.

கடைசியா ஒரு ஆட்டோ ஸ்டாண்டுகிட்ட நிறுத்தினேன். ஒரு ஆட்டோக்காரர், நாப்பது வயசு இருக்கும், எறங்கி வந்தார். வண்டி நம்பர பாத்தார், என் மூஞ்சிய பாத்தார், பின் சீட்டுல இருந்த சீர்த் தட்ட பாத்தார். "எங்க போணும் பெரியவரே?" விருகம்பாக்கம்னேன். "டைம் எத்தினி மணிக்கு?" பத்தரைக்குள்ளன்னேன். அவர் யோசிச்சு, "ஆற்காடு ரோட்டுல மெட்ரோ வேலை நடக்குது, அங்கங்க திருப்பி விட்டிருக்கான், உனக்கு சிக்காது. நீ அம்மாவ என் வண்டியில ஏத்து. நான் சந்து சந்தா பூந்து இருவது இருவத்தஞ்சு நிமிஷத்துல வூட்டு வாசல்ல எறக்கிடறேன். நீ மெள்ள கேட்டுக்கினு வா"ன்னார்.

இங்கதான் நான் பண்ணது. இத யாருகிட்டயும் சொன்னதில்ல.

அவர் சொன்னது சரியான யோசனை. வீட்டம்மா அதுக்குள்ள கதவ திறந்துட்டாங்க, கையில வேப்பிலைக் காப்பு வெச்சிருந்த பித்தளைத் தட்டு. நான், "இல்லப்பா, நீ முன்னாடி போ, நான் உன் பின்னாடியே வரேன், என்ன விட்டுட்டு போயிடாத"ன்னுட்டேன். அம்மாவ ஏத்திக்கோ, ஆனா மெதுவா போ, நான் பின்னாடி வரணும்னேன். அவர் வீட்டம்மாவ பாத்தார். அவங்க ஒண்ணும் பேசல. புருஷன் பயந்து போயிட்டான்னு அவங்களுக்கு தெரிஞ்சிடுச்சு. அத வெளியாள் முன்னாடி காட்டிக்க கூடாதுன்னு பேசாம ஏறி உக்காந்தாங்க.

டிராக்டர்ல ராத்திரி ரெண்டு மணிக்கு தனியா போனவன், பகல்ல பத்து மணிக்கு ஆயிரம் பேரு நடுவுல தனியா இருக்க பயந்துட்டேன்.

ஆட்டோக்காரர் தங்கமான மனுஷன். ஒவ்வொரு திருப்பத்துக்கும் முன்னாடி கைய வெளிய நீட்டி காட்டுவார். நடுவுல வேற வண்டி பூந்துட்டா ஓரங்கட்டி நிப்பார். ஒரு சிக்னல்ல அவர் போயிட்டார், நான் மாட்டிக்கிட்டேன், அந்தப் பக்கம் போயி எறங்கி நின்னு கைய ஆட்டிக்கிட்டு இருந்தார். ஆட்டோவுல பின்னாடி இருக்கிற சின்ன கண்ணாடி வழியா எங்க வீட்டம்மா தலை தெரியுது. ஒரு தடவ கூட அவங்க திரும்பிப் பாக்கல. நேரா ரோட்டையே பாத்துக்கிட்டு இருந்தாங்க.

போய் சேந்தப்ப மணி பத்து அம்பது. எரநூறு ரூபா குடுத்தேன், நூறு போதும்னு நூற திருப்பிக் குடுத்துட்டு, "பேரன் பொறந்தா சொல்லு"ன்னுட்டு போயிட்டார். எங்க போயி சொல்றது, நம்பர் கூட வாங்கல.

பத்து இருவத்தஞ்சு வரைக்கும் காத்திருந்து பாத்துட்டு, ராகு காலம் வந்துடுமேன்னு சம்பந்தியம்மா அவங்களே மொத வளையல போட்டுட்டாங்க. அவங்க மேல தப்பே இல்ல. "பரவால்ல சம்பந்தி, சென்னை டிராபிக்ல யாரு என்ன பண்ண முடியும்"னு சிரிச்ச மொகமாத்தான் சொன்னாங்க. கோவமா ரெண்டு வார்த்தை சொல்லியிருந்தா கூட தேவலையா இருந்திருக்கும். ராகு காலத்துல போட வேணாம்னு பன்னண்டு மணி வரைக்கும் காத்திருந்தாங்க எங்க வீட்டம்மா. அதுக்குள்ள வந்தவங்க எல்லாம் சாப்பிட்டு, தாம்பூலம் வாங்கிட்டு கிளம்பிட்டாங்க. பாதி மடிச்ச ஜமுக்காளத்துல பொண்ண உக்கார வெச்சு, வாடிப்போன வேப்பிலைக் காப்ப போட்டாங்க. ஒத்தப் பொண்ணு. இன்னொரு தடவை வராது இது.

ராத்திரி மாடியில படுத்திருக்கேன், தூக்கம் வரல. மாப்பிள்ளை வந்து, "மாமா, நாளைக்கு நான் ஓட்டறேன், ஊர்ல விட்டுட்டு பஸ்ஸுல வந்துடறேன்"னார். சரின்னு சொல்லிட்டேன். ஏழு மாச கர்ப்பிணிய உக்கார வெச்சிக்கிட்டு என் வீறாப்ப காட்ட எனக்கு தைரியம் இல்ல. பொண்ணு கேட்டுக்கிட்டு இருந்தா. அவ வந்து பக்கத்துல உக்காந்தா.

"ஏம்ப்பா, நீ ஓட்டலையா?"

"வேணாம்மா. எனக்கு இந்த ஊரு தெரியல."

"எனக்கு மட்டும் தெரிஞ்சுதா? கல்யாணம் ஆயி வந்த புதுசுல ஸ்கூட்டிய எடுத்துக்கிட்டு வேலைக்கு கிளம்பி, வடபழனி சிக்னல்ல மாட்டிக்கிட்டேன். எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம பாலத்துக்கு கீழ நின்னு ஒரு மணி நேரம் அழுதேன். அவருக்கும் சொல்லல, உனக்கும் சொல்லல. அன்னிக்கு சாயங்காலம் நீ போன் பண்ணி வேலைக்கு போனியாம்மான்னு கேட்ட. போனேன்ப்பான்னேன்."

எனக்கு அந்த போன் ஞாபகம் இல்ல. அவளுக்கு ஞாபகம் இருக்கு.

காலையில அஞ்சரைக்கே கிளம்பினோம். மாப்பிள்ளைகிட்ட அவளே சொல்லிட்டா, அப்பா ஓட்டட்டும்னு. முன் சீட்ட நல்லா பின்னாடி தள்ளி அவள உக்கார வெச்சோம். டாக்டரம்மா சொல்லியிருக்காங்களாம், பெல்ட்டோட கீழ்ப்பட்டி வயித்து மேல வரக்கூடாது, வயித்துக்கு கீழ தொடையோட ஒட்டி போகணும், மேல்பட்டி மாரு நடுவுல போயி வயித்துக்கு பக்கவாட்டுல வரணும்னு. வயித்த காரணம் சொல்லி பெல்ட்டு போடாம போறாங்களே நம்ம ஊர்ல, அது தப்பாம். போட்டுக்கிட்டா.

வண்டிய எடுக்கறதுக்கு முன்னாடி சொன்னா, "ப்பா, ஒண்ணே ஒண்ணுதான். வழி தப்பிட்டா நிறுத்தாத. தப்பான வழியிலயே போயிட்டு இரு. அடுத்ததுல எங்கயாவது திருப்பிக்கலாம். எத்தன தூரம் போனாலும் பரவால்ல. நிறுத்தினாத்தான் ஆபத்து. பின்னாடி ஹாரன் அடிக்கிறானுங்களே, அது உனக்கு இல்ல. அவனுங்க வீட்டுல சண்ட, ஆபீசுல சண்ட, அதுக்கு அடிக்கிறானுங்க."

வளசரவாக்கம், போரூர், பைபாஸ். சனிக்கிழமை விடியக்காலம், ரோடு காலியாத்தான் இருந்துச்சு. மெட்ரோவுக்கு நட்ட தூணுங்க வரிசையா நிக்குது, நடுவுல தகர தடுப்பு. "அரை கிலோமீட்டர் முன்னாடியே பக்கம் மாறிடு"ன்னு அவ சொல்லச் சொல்ல மாறினேன். எல்லாம் நல்லாத்தான் போச்சு. பைபாஸ் முடியற எடத்துல வண்டலூர் பக்கம் போறதுக்கு பதிலா தாம்பரம் பக்கம் எறங்கிட்டேன். கால் தானா பிரேக்குக்கு போச்சு. பக்கத்துல பாத்தேன். அவ முறுக்கு தின்னுக்கிட்டு இருந்தா. ஒரு வார்த்தை பேசல. பின்னாடி வீட்டம்மாவும் பேசல. கால எடுத்துட்டேன். தாம்பரம் வரைக்கும் போயி, சுத்திக்கிட்டு, திரும்பி அதே ரோட்டுக்கு வந்தேன். பதினைஞ்சு நிமிஷம் கூட ஆச்சு. அவ்வளவுதான்.

திண்டிவனம் தாண்டினதும் ரெண்டு பேரும் தூங்கிட்டாங்க.

பேரன் பொறந்தான். கடலூர்லயே, சுகப் பிரசவம். இப்ப தவழறான். எங்க வீட்டம்மா அந்த வெள்ளிக்கிழமைய பத்தி இது வரைக்கும் ஒரு வார்த்தை எடுத்ததில்ல. அந்த வேப்பிலைக் காப்பு காஞ்சு சாமி மாடத்துல இருக்கு. விளக்கேத்தும்போது அத ஓரமா நகத்தி வெச்சிட்டு ஏத்துவாங்க, தூக்கிப் போட மாட்டாங்க. நானா ஒரு நாள், "அன்னிக்கு உன்ன மட்டும் அனுப்பியிருக்கணும்"னேன். "மாட்டுக்கு தண்ணி காட்டினீங்களா?"ன்னு கேட்டாங்க.

போன தை முகூர்த்தத்துல, காலையில ஆறே காலு இருக்கும், பனி இன்னும் எறங்கிக்கிட்டு இருந்துச்சு. வாய்க்கா ரோட்டுல, என் கரும்புக்கு முன்னாடி, ஒரு வெள்ளைக் கார் வெளிச்சத்த போட்டுக்கிட்டு நிக்குது. டிஎன் 10. எங்க மாப்பிள்ளை வண்டியும் டிஎன் 10 தான். உள்ள என் வயசு ஆளு, பட்டு வேட்டி, வேர்த்து போயி உக்காந்திருக்கார். பக்கத்துல அந்தம்மா மடியில தாம்பாளத் தட்டு, மேல மஞ்சத் துணி போட்டு மூடியிருக்கு. தாலியா இருக்கணும். "சார், கோயிலுக்கு இதுல போக முடியுமா? ஏழு மணிக்கு முகூர்த்தம்"னார். குரல் கம்மிப் போயிருந்துச்சு.

தம்பி மவன் பின்னாடி நின்னுக்கிட்டு சிரிக்கிறான். நான் கத்துக் குடுத்த சிரிப்புதானே.

மண்வெட்டிய கீழ போட்டுட்டு, அவர எறங்கச் சொல்லி, வண்டிய நானே ரிவர்ஸ்ல எடுத்து களத்து மேட்டு வரைக்கும் கொண்டு போயி திருப்பிக் குடுத்தேன். அந்தம்மாவ, "எக்செல் வண்டியில உக்காருவீங்களாம்மா, நான் முதல்ல உங்கள கொண்டு போயி விட்டுடறேன், அவர் பின்னாடி வரட்டும்"னேன். அவங்க ஒரு நிமிஷம் புருஷன பாத்தாங்க. அவர், "நீ போ"ன்னார். டக்குனு சொன்னார். பெரிய மனுஷன்.

அந்தம்மா தட்ட மடியில அணைச்சிக்கிட்டு பின்னாடி உக்காந்தாங்க. தெருவுக்குள்ள பூந்து, குளத்தங்கரை வழியா, கூட்டத்துக்கு நடுவுல ஹாரன் அடிச்சிக்கிட்டே மலை அடிவாரத்துல எறக்கி விட்டேன். ஆறே முக்கால் கூட ஆகல. அவங்க நன்றின்னு சொன்னாங்களா இல்லையான்னு காதுல விழல, மேளம் அப்படி. வண்டிய திருப்பிக்கிட்டு திரும்ப வாய்க்கா ரோட்டுக்கு போனேன், அந்த மனுஷன் அங்க தனியா நிப்பாரே.

களத்து மேட்டுலயே நின்னுக்கிட்டு இருந்தார். என்ன பாத்ததும் வண்டிய ஸ்டார்ட் பண்ணார். என் எக்செல்லுல கண்ணாடி ஒடஞ்சு ஒரு வருஷம் ஆச்சு. அதனால திருப்பத்துக்கு திருப்பம் கைய நீட்டிக்கிட்டு, கழுத்த திருப்பி திருப்பி, அவர் வராரா வராரான்னு பாத்துக்கிட்டே போனேன்.